பழைய வண்டியின் பிரேக் பைப்பை வழி மாற்றி நான்கு ஆண்டு

பிரேக் பைப் வெடித்தால் ஏதாவது சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சரிவான மண்பாதையில் லோ கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். பெடல் மெத்தென்று பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம் முன் சக்கரங்கள் மட்டும் பிடித்தன. கியர் இழுத்துப் பிடித்ததால் வண்டி நின்றது. கீழே குனிந்து பார்த்தால் பின் ஆக்ஸில் பக்கம் சொட்டுச் சொட்டாகப் பிரேக் ஆயில்.

வண்டிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. நல்லவேளை, மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளை, இரட்டை சர்க்யூட்: முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தனித்தனி வழி. உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன் இருக்கும். பின்பக்க ஆயில் முழுக்கப் போனாலும் முன்பக்கம் தாங்கும். பெடல் முதலில் வெறுமனே இறங்கி, அப்புறம் கெட்டிப்படுவது அதனால்தான். ஒற்றை சர்க்யூட் உள்ள இன்னும் பழைய வண்டியாக இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

பைப் ஓட்டையான இடம் பெட்ரோல் டேங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவில், ஒரு கிளிப்புக்கு அடியில். ஆண்டுக்கு ஒருமுறை வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்க்கிறவன்தான் நான். ஆனால் டேங்கை இறக்காமல் அந்த இடம் தெரியாது. இறக்கிக் கிளிப்பைத் திறந்ததும் பைப் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அதிலிருந்து ஒரு விரல் தள்ளி, பெயிண்ட்கூடப் போகாமல் பளபளவென்று இருந்தது. கிளிப்புக்குள் களிமண் ஏறிவிட்டால் வெளியே எல்லாம் காய்ந்த பிறகும் அது வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அடுத்த நாள் எல்லாக் கிளிப்பையும் திறந்தேன். பதினொன்றில் ஏழுக்கு அடியில் துரு குழி விழுந்திருந்தது.

பிரேக் பைப் மாற்றுவதென்றால் எல்லோரும் முதலில் கேட்பது “எந்த உலோகம்?” என்றுதான். அதைவிடப் பெரிய கேள்வி, பைப் எந்த வழியாகப் போகிறது என்பது. எது போட்டாலும் சேறு தங்கும் இடத்தில் போட்டால் இன்னொரு நாள் அதே டேங்கை இறக்க வேண்டும். அதனால் முழு பைப்பையும் மாற்றுவதோடு பின்பக்க வழியையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். நான்கு ஆண்டும் சுமார் 38,000 கிலோமீட்டரும் ஓடியாகிவிட்டது. எது சரி, எது என் அதிகப்பிரசங்கித்தனம் என்று இப்போது சொல்ல முடியும்.

உலோகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்பூச்சு போட்ட இரும்பு பைப் வலுவானது, ஆனால் பூச்சு கீறினால் பழைய கதைதான். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனால் கடினம். நட்டு பிடித்துக்கொள்ள பைப்பின் முனையை விரித்து மடக்க வேண்டும்; இதை வீட்டில் வைத்து மடக்கினால் ஒட்டி உட்காராமல் கசியும். சுத்தத் தாமிரம் கையால் வளைக்க சுகமாக இருக்கும், ஆனால் அதிர்வில் இறுகி விரிசல் விடும். பிரேக்குக்கு அது வேண்டவே வேண்டாம். நான் போட்டது தாமிர நிக்கல் கலவை. பத்தில் ஒரு பங்கு நிக்கல், கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் மாங்கனீஸ், மீதி தாமிரம். 1970களிலேயே வோல்வோ தன் கார்களுக்குப் போட்ட பைப் இது, புதுமை ஒன்றுமில்லை. 4.75 மில்லிமீட்டர் தடிமனில் 25 அடிச் சுருள் ஒன்று போதும் என்று கணக்குப் போட்டேன். போதவில்லை. ஏன் என்று கீழே வரும்.

கழற்றுவது தனிப் போராட்டம். பழைய நட்டில் சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கும், அதோடு கதை முடியும். பைப் நுழைய வாயில் வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர் வேண்டும். அதுவும் சுற்றவில்லை என்றால், பழைய பைப்பை எப்படியும் தூக்கிப்போடப் போகிறோம் என்பதால் நட்டுக்குப் பக்கத்திலேயே வெட்டிவிட்டு ஆறு மூலை சாக்கெட்டை மாட்டித் திருகுங்கள். எனக்கு மூன்று நட்டு அப்படித்தான் வந்தது. ஒரு வீல் சிலிண்டரின் (சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் உருளை) நிப்பிள், அதாவது காற்றை வெளியேற்றும் சிறு திருகு, அதற்கும் வராமல் ஒடிந்தது. சிலிண்டரையே மாற்றினேன். இன்னொன்று: பெடலை ஓர் அங்குலம் உள்ளே தள்ளி ஒரு குச்சியால் சீட்டோடு முட்டுக் கொடுத்து வைத்தால் டப்பாவில் இருக்கும் ஆயில் கீழே ஒழுகாது. இது தெரியாமல் முதல் நாள் பாதி லிட்டர் தரையில், கொஞ்சம் ஃபெண்டரிலும். பிரேக் ஆயில் பெயிண்டை அரித்துவிடும். துடைத்தால் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். நான் துடைத்தேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

25 அடி ஏன் போதவில்லை? முனை மடக்கிப் பழகியதில் ஒரு கெஜத்துக்கு மேல் வீணானது. பைப்பை ஆக்ஸா பிளேடால் அறுக்கக் கூடாது, உருளைக் கட்டரால் சுற்றிச் சுற்றி வெட்ட வேண்டும். உள்வாயில் எழும்பும் பிசிறைச் சுரண்டி எடுக்க வேண்டும். என் வண்டிக்கு வேண்டியது 45 டிகிரி இரட்டை மடிப்பு. முதல் ஆறு மடிப்பும் கோணல். தொட்டால் தெரியாது, ஆனால் விளக்கில் பிடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் உதடு தடிப்பாக இருக்கும். திருகாணி போட்டு இறுக்கும் மலிவு கிளாம்பைத் தள்ளிவைத்துவிட்டு, வைஸில் பிடிக்கும் நல்ல கருவியை இரவல் வாங்கிய பிறகுதான் வேலை நடந்தது. ஏழாவது மடிப்பு அச்சில் வார்த்த மாதிரி வந்தது. ரசித்துக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், நட்டு மேஜைமேல் இருக்கிறது! மடிப்புக்கு முன்னால் நட்டைக் கோக்க மறப்பது இந்த வேலையில் எல்லோருக்கும் ஒருமுறை நடக்குமாம். எனக்கு இரண்டு முறை.

மரை விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை என்று ஒரு நட்டு. 10 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் புரி என்று இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் இரட்டைப்பிள்ளைகள். முதலாவது 9.5 மில்லிமீட்டர்தான் என்பதால் பத்து துளைக்குள் தாராளமாகப் போகும், கொஞ்சம் ஆடும், இறுக்கும்போது மரையைத் தின்றுவிடும். பல கை மாறி வந்த வண்டியில் இரண்டு வகையும் கலந்திருக்கும். என்னுடையதில் கலந்திருந்தது. பழைய நட்டை ஒவ்வொன்றாகக் கவரில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதிவைத்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

சரி, வழி. பழைய பைப் இடது சேஸிஸின் மேல்மடிப்பில் படுத்து, டேங்குக்குப் பின்னால் நுழைந்து பின்பக்கம் போனது. நான் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச்சட்டத்தின் பின்முகத்தோடு அதை வலதுபக்கம் தாண்டவைத்து, வலது சேஸிஸின் உள்பக்கம், நடு உயரத்தில் கொண்டுபோனேன். மேல்மடிப்பில் சேறு உட்காரும், கீழ்மடிப்பில் கல் உரசும். நடுவில் இரண்டும் இல்லை. கிளிப் எல்லாம் ரப்பர் வைத்தவை, சுமார் ஒரு அடிக்கு ஒன்று. கிளிப்புக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு வாஷர் தடிமன் இடைவெளி விட்டேன். தண்ணீர் அடித்தால் மண் வழிந்து இறங்க வேண்டும் என்பதற்காக. முன்கூட்டியே கட்டுக்கம்பியை அந்த வழியில் வளைத்து அளவெடுத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பைப்பை வளைத்தேன்.

வலதுபக்கத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது: சைலன்சர் குழாய். பிரேக் ஆயில் எஞ்சின் ஆயில் மாதிரி சுற்றி வருவதில்லை. பைப்புக்குள் இருப்பது இருந்த இடத்திலேயே கிடக்கும், சூடானால் சூடாகவே இருக்கும். டாட் 3 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் குடித்த பிறகு அந்த எல்லை 140 ஆக இறங்கிவிடும். டாட் 4க்கு 230, ஈரத்துக்குப் பின் 155. அதனால் டாட் 4 ஊற்றினேன். குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளியே பைப்பை வைத்து, நடுவில் ஒரு தகரத்தடுப்பும் போட்டேன். நீண்ட ஏற்றம் ஏறி நின்றவுடன் பலமுறை கைவைத்துப் பார்த்திருக்கிறேன். சூடு தெரியும், ஆனால் கையை எடுக்க வேண்டியதில்லை.

பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ரப்பர் இருக்கிறது, இரண்டும் தனித்தனியாக ஆடும். அதனால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இறங்கும் இடத்தில் பைப்புக்கு இரண்டு சுற்றுச் சுருள் விட்டேன். கம்பெனியிலும் அப்படித்தான் இருந்தது. அதை அழகுக்கு என்று நினைத்து நேராக்கிவிடாதீர்கள்.

ஆக்ஸிலுக்கு இறங்கும் ஹோஸில், அதாவது வளைந்துகொடுக்கும் குழாயில்தான் அதிக நேரம் போனது. முன்பிருந்தவர் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தார், ஹோஸ் மட்டும் பழைய நீளம். சேஸிஸைத் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டுப் பார்த்தால் ஹோஸ் கம்பியாக விறைத்து நின்றது. இத்தனை நாள் பள்ளங்களில் அதை இழுத்துக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறேன்! நீள ஹோஸ் போடாமல் அதன் பிராக்கெட்டை 50 மில்லிமீட்டர் கீழே இறக்கினேன். முன்பக்கம் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பி, டயரில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பைப்புக்குள் புகுந்த ஏரை நிப்பிள் வழியாக வெளியே எடுக்க, பெடல் மிதிக்க என் மகளை உட்கார வைத்தேன். மாஸ்டர் சிலிண்டர் பழையது என்பதால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தோம். எப்போதும் போகாத ஆழத்துக்குப் போனால் அங்கே படிந்திருக்கும் கசடு ரப்பரைக் கிழித்துவிடும். தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்தோம்.

“மிதி.”

“மிதிச்சாச்சு.”

“பிடிச்சுக்கோ, திறக்கிறேன்.”

“போயிடுச்சுப்பா… விடட்டுமா?”

“விடாதே, விடாதே!”

விட்டுவிட்டாள். நிப்பிள் திறந்திருக்கையில் பெடல் மேலே வந்தால் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து. “நீங்க முன்னாடியே சொல்லலையே” என்றாள். சொல்லவில்லைதான். அப்புறமும் பெடல் பஞ்சு மாதிரியே இருந்தது. ஒரு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான், பின் ஆக்ஸிலுக்கு மேலே பளுவைப் பார்த்து அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஞாபகம் வந்தது. அதற்குத் தனி நிப்பிள். அதில் இருந்து ஒரு ஏப்பம் மாதிரிக் காற்று வந்தது, பெடல் கல்லானது. எஞ்சினை ஓடவிட்டு அவள் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க, நான் ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பார்த்தேன். ஓர் இடத்தில் ஈரம். கால் சுற்று இறுக்கியதும் நின்றது.

இனி நான்கு ஆண்டுக் கணக்கு. ஆறாவது மாதம் முதல் தவறு தெரிந்தது. பின் ஆக்ஸிலின்மேல் இடவலமாகப் போகும் பைப் கம்பெனியில் ஹவுசிங்குக்கு (ஆக்ஸிலின் இரும்புக் கூடு) பின்பக்கம் இருந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது கட்டையில் மாட்டுமே என்று நானாக யோசித்து முன்பக்கம் மாற்றியிருந்தேன். வண்டி பெரும்பாலும் முன்னால்தானே போகிறது! பைப்பில் மூன்று இடத்தில் கல் அடித்த நசுங்கல், ஓர் இடத்தில் சுள்ளி ஒன்று சொருகிக்கொண்டு நின்றது. புதுப் பைப் வளைத்து, பழையபடி பின்பக்கமே போட்டேன். ஹவுசிங்கின் மறைவில் அது சௌகரியமாக இருக்கிறது.

இரண்டாவது, ஸ்டீல் வலை போட்ட ஹோஸ். பெடல் கெட்டியாகும் என்று ஆசைப்பட்டு மூன்றையும் அதில் போட்டேன். கெட்டியானது நிஜம்தான், ஆனால் புது ஆயிலும் காற்றில்லாத பைப்புமே அதில் பெரும்பங்கு என்று இப்போது நினைக்கிறேன். இரண்டாம் ஆண்டு பார்த்தால், மேலுறை இல்லாத ஒரு ஹோஸ் ஸ்பிரிங் பட்டையில் உரசி அரம் மாதிரி அதன் பெயிண்டைத் தேய்த்திருந்தது. பைப்பில் உரசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வலைக்குள் மணல் புகுந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. பின்பக்கத்துக்கு மறுபடி ரப்பர் ஹோஸே போட்டுவிட்டேன். வெடிப்பு விட்டால் கண்ணுக்குத் தெரியும். ரப்பரும் நிரந்தரமில்லை. உள்சுவர் வீங்கினால் ஆயில் போகும், திரும்பாது, பிரேக் பிடித்தபடியே நிற்கும். முன்பிருந்த ஹோஸில் ஒன்று அந்த நிலைக்கு வந்துகொண்டிருந்தது, அறுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். முதல்முறை எடுத்தபோது தேநீர் நிறம். இரண்டாம் முறை, போன மாதம், கிட்டத்தட்ட ஊற்றிய நிறமே. பைப் பளபளப்பு போய் மங்கலான பழுப்பு, கிளிப் ஓரங்களில் லேசான பச்சை. நகத்தால் சுரண்டினால் அடியில் நல்ல உலோகம். குழி எங்கும் இல்லை. ஆனால் நட்டுகள் இரும்பு. அவை துருப்பிடிக்கத்தான் செய்கின்றன. முன் இடதுபக்க நட்டு பைப்போடு ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது பைப்பையும் சேர்த்து முறுக்கப் பார்த்தது. பொருத்தும்போதே நட்டின் பின்வாயில் கொஞ்சம் கிரீஸ் தடவியிருந்தால் இது வந்திருக்காது. மற்றவற்றுக்கு இப்போது தடவிவிட்டேன். அந்த ஒன்றைச் சூடு காட்டி விடுவித்தேன்.

வாங்கிய இரண்டாவது சுருளில் மிஞ்சியதை, பின் ஆக்ஸில் அளவுக்கு வெட்டி, இரண்டு முனையும் மடக்கி, நட்டு கோத்து, ரப்பர் மூடி போட்டு சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நட்டை மறக்கவில்லை, இரண்டு முறை பார்த்தேன்.