சிட்னியில் எங்களை விட்டுவிட்டுப் போன விமானம்

சிட்னி விமான நிலையத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது பகல் 12 மணி. எங்கள் விமானம் அன்று காலை 7.05க்கே போய்விட்டிருந்தது. கையில் இருந்த தாளில் மட்டும் இன்னமும் பிற்பகல் 2.10 என்றுதான் இருந்தது.

2024 நவம்பரில் மகனைப் பார்க்க நானும் கணவரும் ஆஸ்திரேலியா போயிருந்தோம். அவ்வளவு தூரம் போய்விட்டு கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டைப் பார்க்காமல் திரும்புவதா என்று, அங்கே படகு கிளம்பும் ஊரான கெய்ன்ஸ் போக முடிவெடுத்தோம். சிட்னியிலிருந்து சாலை வழியே போனால் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ரயிலில் டெல்லி போவதைவிட அதிகம். விமானத்தில் மூன்று மணி நேரம். மகன் தானே டிக்கெட் எடுப்பதாகத்தான் சொன்னான். அவனுக்கு ஏன் செலவு வைக்க வேண்டும் என்று, திருச்சியில் இருந்தபடியே நான் வீம்பாக எடுத்துவிட்டேன்.

விமான நிறுவனத்தின் தளத்தில் ஒருவருக்கு 179 டாலர். இணைய டிக்கெட் தரகர் ஒருவரின் தளத்தில் 138. யாருக்குத்தான் கை நிற்கும்? பணம் கட்டி முடித்ததும் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. தரகர் காட்டிய டாலர் அமெரிக்க டாலர்! ஆஸ்திரேலிய டாலர் அப்போது சுமார் 55 ரூபாய், அமெரிக்க டாலர் 84. வங்கிக் கட்டணமும் சேர்ந்து இருவருக்கும் 24,000 ரூபாயைத் தாண்டியது. நேராக எடுத்திருந்தால் எல்லாம் சேர்த்து 20,500 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். மலிவு என்று நினைத்தது அங்கேயே மலிவாக இல்லை. ஆனாலும் வெளியில் சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு பெயர்த் தொல்லை. நம் ஊரில் பலருக்கும் இருப்பதுபோல என் பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் கட்டம் காலி. தளமோ அதை நிரப்பாமல் நகர விடவில்லை. என் பெயரையே இரண்டு முறை எழுதினேன். மறுநாள் தரகரிடமிருந்து ஓர் அழைப்பு: பெயர் பொருந்தவில்லை, திருத்த ஆளுக்கு 30 டாலர், இல்லாவிட்டால் ஏற விடமாட்டார்கள். பயந்து கட்டினேன். ஆஸ்திரேலியாவுக்குள் நாங்கள் ஏறிய எந்த உள்நாட்டு விமானத்திலும் ஒருவர்கூட எங்களிடம் அடையாள அட்டை கேட்கவில்லை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

விமான நிலையத்துக்கு வருகிறேன். காலை 7.05 என்று கவுண்ட்டரில் சொன்னபோது, கடிகாரக் குழப்பம் என்றுதான் முதலில் நினைத்தேன். கெய்ன்ஸ் இருக்கும் குயின்ஸ்லாந்தில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதனால் நவம்பரில் சிட்னியைவிட அங்கே ஒரு மணி நேரம் குறைவு. ஆனால் ஒரு மணி நேரக் கணக்கு ஏழு மணி நேரத்துக்கு எப்படிக் காணும்?

கவுண்ட்டரில் இருந்த பெண் பொறுமையாகத் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். நேரம் மாறியதைப் பற்றி மூன்று வாரங்களுக்கு முன்பே மின்னஞ்சல் போயிருக்கிறது. போன முகவரி என்னுடையது இல்லை. எழுத்தும் எண்ணுமாகக் கலந்த, அந்தத் தரகரின் பெயரில் முடிகிற ஏதோ ஒரு முகவரி. தொலைபேசி எண்ணும் அவர்களுடையது. நான் கொடுத்த முகவரியையும் எண்ணையும் அவர்கள் விமான நிறுவனத்துக்குத் தெரிவிக்கவே இல்லை. பணம் கொடுத்தவள் நான். விமான நிறுவனத்தின் கணக்கில் வாடிக்கையாளரோ தரகர். புறப்படும் முன்பு தெரிந்திருந்தால் வேறு விமானத்துக்கு இலவசமாகவே மாற்றித் தந்திருப்பார்கள். போன பிறகு, வராத பயணி என்று பதிந்து கணக்கை முடித்துவிட்டார்கள்.

மறுநாளைக்கு இரண்டு புது டிக்கெட், சுமார் 36,000 ரூபாய். அந்த நாட்டில் விலையில் போட்டி போட ஆள் குறைவு. போன்சா நிறுவனம் அந்த ஆண்டு ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. ஜூலையில் ரெக்ஸ், பெருநகரங்களுக்கு இடையிலான ஜெட் சேவையைக் கைவிட்டது. கடைசி நேரத்தில் போய் நின்றால் சொன்னதுதான் விலை. பவளத்திட்டுக்கான படகோ நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே, காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டது. அந்தப் பணமும் போயிற்று. "ஏம்மா, நான் எடுத்துத் தருகிறேன் என்றுதானே சொன்னேன்?" என்று மகன் ஒரே ஒரு முறை கேட்டான். அதற்குமேல் கேட்காததுதான் அதிகமாக வலித்தது.

தரகரிடம் கேட்டால் விமான நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். விமான நிறுவனம் தரகரைக் கை காட்டியது. மூன்று மாத அலைச்சலுக்குப் பிறகு தரகர் தந்தது 22 டாலர் கூப்பன், அதுவும் அவர்கள் தளத்திலேயே செலவழிக்க. தாமதத்துக்கு இவ்வளவு இழப்பீடு என்று ஐரோப்பாவில் சட்டமே உண்டு. ஆஸ்திரேலியாவில் அப்படி நிர்ணயித்த தொகை எதுவும் கிடையாது.

விலையை ஒப்பிட எந்தத் தளத்தை வேண்டுமானாலும் பாருங்கள்; டிக்கெட்டை மட்டும் விமான நிறுவனத்திடமே எடுங்கள். எந்த நாட்டு டாலர் என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை விமானங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு; இரவின் கடைசி விமானம் தாமதமானால் அன்றைக்குப் போகாமலே நின்றுவிடலாம்.

ஏற்கெனவே தரகரிடம் வாங்கிவிட்டவர்கள் டிக்கெட்டில் இருக்கும் ஆறெழுத்துக் குறியீட்டை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே தொடர்பு முகவரி என்ற இடத்தில் இருப்பது உங்கள் மின்னஞ்சல் இல்லையென்றால் மாற்றுங்கள். மாற்ற விடாவிட்டால், புறப்படும் நாள் வரை தினமும் ஒரு முறை நேரத்தைப் பாருங்கள்.