என்சிசியா, சிடிஎஸ்ஸா?

தங்கை மகன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்று ஆசை. "மாமா, என்சிசியில் சேரட்டுமா, இல்லை அந்த நேரத்தில் சிடிஎஸ்ஸுக்குப் படிக்கட்டுமா?" என்றான். நான் என்சிசி, அதாவது தேசிய மாணவர் படை வழியாக ராணுவத்துக்குப் போனவன். என் பதில் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

சிடிஎஸ் என்பது ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க யுபிஎஸ்சி ஆண்டுக்கு 2 முறை நடத்தும் எழுத்துத் தேர்வு. கடைசி வருட மாணவர்களும் எழுதலாம். டேராடூனில் உள்ள ஐஎம்ஏ (இந்திய ராணுவ அகாடமி) வேண்டுமென்றால் ஆங்கிலம், பொது அறிவு, கணிதம். சென்னையில் உள்ள ஓடிஏ (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) போதுமென்றால் கணிதம் கிடையாது. உட்கார்ந்து படிக்கிறவனுக்கு இது பெரிய மலை இல்லை.

என்சிசியில் 'சி' சான்றிதழை ஏ அல்லது பி கிரேடில் வாங்கி, பட்டப்படிப்பில் 50 சதவீதமும் இருந்தால் அந்த எழுத்துத் தேர்வே வேண்டாம். மதிப்பெண்ணைப் பார்த்து வடிகட்டி, நேராக எஸ்எஸ்பி என்ற நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள்.

ஆள் விழுவது அந்த எஸ்எஸ்பியில்தான், எந்த வழியில் வந்தாலும். 5 நாள். முதல் நாளே மங்கலான ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். அப்புறம் குழுவாக உட்கார்ந்து எல்லாரும் பேசி ஒரே கதைக்கு வர வேண்டும். மதியத்துக்குள் பாதிப் பேர் பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்கள். மிஞ்சியவர்களுக்கு மைதானத்தில் ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு கட்டை. சிவப்பு அடித்த இடத்தைத் தொடாமல் குழு மொத்தமும் அந்தப் பக்கம் போயாக வேண்டும்.

இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. என்சிசியின் 10 நாள் கேம்ப்பில், ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டோடு நிற்கும் முப்பது பேரில் இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள். மாணவர்களுக்குத் தலைவனான அண்டர் ஆபீசர் என்று தோளில் பட்டை குத்திய பாவத்துக்கு நான்தான் தீர்த்துவைக்க வேண்டும். மூன்று வருடம் இப்படிப் போனால் தெரியாத ஆட்களோடு வேலை செய்வது கை வந்துவிடும்.

அதற்காக என்சிசிக்காரன் எல்லாம் தேறிவிடுவான் என்றில்லை. எஸ்எஸ்பிக்குப் போன முதல் தடவை நான் பரேடில் கத்துவது போலக் குழுவிலும் கத்தினேன். கடைசி நாள் தேர்வாளர்கள் கூடி முடிவெடுக்கும் கான்ஃபரன்ஸ் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவைதான் வாயை அடக்கிக் காதைத் திறந்தேன். ஓடிஏவில் என்னோடு பயிற்சி எடுத்த பலர் என்சிசி பக்கமே போகாதவர்கள், என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

சனிக்கிழமைத் தூக்கம் போகும், கேம்ப் நாளில் லேப் போகும். அதெல்லாம் சமாளிக்கலாம். உண்மையான குறை வேறு. என்சிசி நேரடி நுழைவு தருவது குறுகிய காலப் பணி மட்டுமே: 10 வருடம், விரும்பினால் இன்னும் 4. நிரந்தரப் பணிக்கு நடுவில் மறுபடி தேர்வாக வேண்டும். அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் 20 வருட சேவைக்குத்தான். நான் பத்தில் வெளியே வந்தேன், ஓய்வூதியம் இல்லாமல். சிடிஎஸ் எழுதி ஐஎம்ஏ போனால் முதல் நாளிலிருந்தே நிரந்தரப் பணி. அங்கே 'சி' சான்றிதழ்காரர்களுக்கென்று தனி இடங்களும் உண்டு, ஆனால் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும்.

அதனால் அவனிடம் சொன்னது இதுதான்: இப்போது என்சிசி, கடைசி வருடம் சிடிஎஸ்ஸையும் எழுது. சிடிஎஸ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். என்சிசிக்கு ஓடவிட்டு ஆள் எடுப்பது முதல் வருடத் தொடக்கத்தில்தான். ஷூ இருக்கிறதா என்று கேட்டேன். செருப்பைக் காட்டினான்.