ரீஃபிலா, மாற்றுக் கார்ட்ரிட்ஜா, இங்க் டேங்க்கா?

பிரிண்டரை மலிவாக விற்றுவிட்டு லாபத்தைக் கார்ட்ரிட்ஜில் எடுப்பதே இங்க்ஜெட் தொழிலின் வழக்கம். ஆகவே மைச் செலவைக் குறைக்க நினைப்பவர், மையின் விலையைப் பார்ப்பதற்கு முன், அந்த மையைத் தெளிக்கும் ஹெட் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஹெச்பி, கேனான் நிறுவனங்களின் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கிறது. சிரிஞ்சால் மை நிரப்பிக்கொள்ள ஏற்றவை இவையே; நிரப்புவதில் ஏதேனும் பிசகினாலும் நட்டம் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜோடு முடிந்துவிடும். இவ்வகை ஹெட் மையைச் சூடாக்கித் தெளிப்பது. அதன் நுண்ணிய சூடேற்றிகளைக் குளிர்விப்பதும் அதே மைதான் என்பதால், கடைசிச் சொட்டு வரை ஓட்டிவிட்டு நிரப்பினால் மை வெளிவரும் நுண்துளைகளான நாசில்கள் கருகிப்போயிருக்கக்கூடும். எழுத்தில் வெள்ளைக் கோடு விழத் தொடங்கியதுமே நிறுத்திவிடுவது நல்லது. மூவண்ணக் கார்ட்ரிட்ஜில் ஊசியை ஸ்பாஞ்சுக்குள் இறக்கி மிக மெதுவாக மை ஏற்ற வேண்டும். வழிய விட்டால் மஞ்சள் அறைக்குள் நீலம் புகுந்து, மஞ்சள் வர வேண்டிய இடமெல்லாம் பச்சையாகும். நிரப்பியபின் அடிப்பக்கத்தை டிஷ்யூ தாளில் ஒற்றினால் மூன்று நிறங்களும் தனித்தனிப் பட்டைகளாகப் பதிய வேண்டும். அதன் பிறகும் பிரிண்டர் ‘மை இல்லை’ என்று சொல்லலாம். அது அச்சிட்டதை வைத்துப் போட்ட கணக்கே தவிர, உள்ளிருக்கும் மையை அளந்து சொல்வதன்று.

எப்சன் பிரிண்டர்களில் ஹெட் பிரிண்டரிலேயே நிலையாக இருப்பதால், பொருந்தாத மையால் வரும் அடைப்பு பிரிண்டரையே முடக்கிவிடக்கூடும். பிற நிறுவனங்கள் தயாரித்து, பிரிண்டர் அடையாளம் காணும் புதிய சிப்போடு விற்கும் மாற்றுக் கார்ட்ரிட்ஜில் கையைக் கறையாக்கும் வேலை இல்லை. ஆனால் மென்பொருள் அப்டேட்டுக்குப் பின் பிரிண்டர் அதை ஏற்க மறுப்பதுண்டு.

அன்றாடம் அச்சிடுபவருக்கு, எப்சன் 2010-இல் இந்தோனேசியாவில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது போன்ற இங்க் டேங்க் பிரிண்டரே என் தேர்வு. வாங்கும்போது விலை கூடுதல்தான் என்றாலும், பாட்டிலிலிருந்து நேரே ஊற்றுவதால் ரீஃபிலின் சிக்கனம் ஊசியின் தொல்லையின்றிக் கிடைத்துவிடுகிறது.

எப்போதாவது சில பக்கங்கள் மட்டும் அச்சிடுபவருக்கு மேற்கண்ட எதுவும் பெரிதாக மிச்சப்படுத்தாது. பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கு, ஐஎஸ்ஓ 24711 என்ற சர்வதேசத் தர முறைப்படி தொடர்ச்சியாக அச்சிட்டு எடுத்தது; வாரக்கணக்கில் சும்மா கிடந்த பிரிண்டரோ ஹெட் கிளீனிங்கிலேயே கணிசமான மையைக் குடித்துவிடும். கறுப்பு வெள்ளை போதுமென்றால், அத்தகையவர் உலர்ந்துபோகும் கவலையில்லாத டோனர் என்னும் மைத்தூளில் இயங்கும் லேசர் பிரிண்டரை வாங்கிவிடலாம்.