ஃபோர் வீல் விழாத பழைய பிக்கப்: பேரையூர்க் கரிசலில் பல மழைக்காலங்கள்

பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழை விடாமல் பெய்தால், காட்டுப் பாதையில் டிராக்டரைத் தவிர வேறு எந்த வண்டியும் சுலபமாகப் போகாது. சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அதே மண், நனைந்துவிட்டால் டயரின் பள்ளங்களை அடைத்துக்கொண்டு சக்கரத்தை வழுவழுப்பாக்கிவிடும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். சுற்றச் சுற்ற ஆக்ஸில் வரை இறங்கும். ஃபோர் வீல், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வசதி, இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினேன். உர மூட்டை, சொட்டுநீர்க் குழாய், மக்காச்சோளம், பருத்தி என்று இத்தனை வருடங்களாக எங்கள் காட்டு வேலை முழுவதையும் அதுதான் சுமக்கிறது.

எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இங்கே முக்கியமில்லை. லீவருக்குப் பதில் டேஷ்போர்டில் திருகு சுவிட்சும், முன்சக்கரங்களில் வேக்குவம் ஹப்பும் (காற்றை உறிஞ்சும் விசையால் சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டும் பாகம்) வைத்து வந்த பழைய டீசல் வண்டிகளில் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை வைத்திருக்கும் பலரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: சுவிட்சைத் திருப்பினால் விளக்கு எரிகிறது, ஆனால் முன்சக்கரம் இழுக்கவில்லை.

என் வண்டியிலும் அதுதான் நடந்தது. கண்மாய்க் கரையை ஒட்டிய பாதையில் சுமையோடு ஏறும்போது பின்சக்கரம் இரண்டும் சேற்றை வாரி இறைத்தன. முன்சக்கரம் சும்மா நின்றது. பச்சை விளக்கு மட்டும் அழகாக எரிந்துகொண்டிருந்தது. டிராக்டர் வைத்து இழுத்து வந்து பட்டறையில் காட்டினால், முன்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸை இறக்க வேண்டும், உள்ளே செயினும் அதை மாற்றிப் போடும் ஃபோர்க்கும் போயிருக்கும் என்றார்கள். சொன்ன தொகை, வண்டியின் விலையில் கணிசமான பங்கு. அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. சக்தி எந்த இடத்தில் அறுபடுகிறது என்று பார்க்காமல் விலை உயர்ந்த பாகத்தை முதலில் கழற்றுவது வைத்தியமே இல்லை.

முதலில் அந்த விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வண்டிகளில் அது டிரான்ஸ்பர் கேஸின் நிலையை மட்டுமே காட்டும். கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெட்டி, முன்பக்கப் புரொப்பெல்லர் ஷாஃப்டை (சக்தியைக் கொண்டுபோகும் நீளத் தண்டை) பின்பக்கத்தோடு இணைத்துவிட்டால் விளக்கு எரியும். ஆனால் சக்தி அங்கிருந்து, அதை இடது வலது சக்கரங்களுக்குப் பங்கிடும் டிஃபரன்ஷியலுக்கும், இரண்டு ஆக்ஸில் ஷாஃப்டுகளுக்கும், கடைசியில் ஹப்புக்கும் போய்ச் சேர வேண்டும். ஷாஃப்டையும் சக்கரத்தையும் பூட்டுவது ஹப்தான். இரண்டு ஹப்பில் ஒன்று பூட்டாவிட்டாலும் கதை முடிந்தது. சாதாரண டிஃபரன்ஷியல், பிடிமானம் இல்லாத பக்கமே ஓடும்; பூட்டாத ஷாஃப்ட் வெறுமனே சுற்ற, பூட்டிய பக்கத்துச் சக்கரத்துக்கும் இழுவை கிடைக்காது. ஒரு ஹப் போனால் பாதி ஃபோர் வீலாவது மிஞ்சும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திருமங்கலத்தில் பழைய ஜீப்களையே பார்த்துப் பழகிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். "கேஸை அப்புறம் இறக்கலாம் தம்பி, முதலில் ஒரு சக்கரத்தைத் தூக்குங்கள்" என்றார். அந்தச் சோதனையை விரிவாகவே எழுதுகிறேன். இதற்கு ஜாக்கியும் டார்ச் லைட்டும் போதும்.

கெட்டியான சமதளத்தில் ஃபோர் வீலில் போட்டு, பல் பொருந்துவதற்காகக் கொஞ்ச தூரம் நேராக ஓட்டி நிறுத்தினோம். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். வலது முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் கீழே ஸ்டாண்டும் கொடுத்தோம். இதுவரை எஞ்சின் ஓடலாம், ஆனால் யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. பிறகு எஞ்சினை அணைத்து, உடனே சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கசிவில்லாத ஹப், எஞ்சின் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வேக்குவத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் சக்கரம் அசையாது. பல் இடைவெளி அளவுக்கு லேசாக ஆடி நின்றுவிடும். சக்கரம் சுற்றி, ஆக்ஸில் ஷாஃப்ட் சுற்றாவிட்டால் அந்தப் பக்கத்து ஹப் பூட்டவில்லை. சக்கரம், ஷாஃப்ட், முன் புரொப்பெல்லர் மூன்றும் சேர்ந்து சுற்றினால் மட்டுமே குறை டிரான்ஸ்பர் கேஸிலோ அதை மாற்றும் மோட்டாரிலோ இருக்கிறது.

என் வண்டியில் நான்காவது ஒன்று நடந்தது. சக்கரம் சுற்றியது, ஷாஃப்டும் கூடவே சுற்றியது, புரொப்பெல்லர் அசையவே இல்லை. மெக்கானிக் டார்ச்சை இடதுபுறம் திருப்பினார். தரையில் ஊன்றி நின்ற இடது சக்கரத்துக்குப் பின்னால், அதன் ஷாஃப்ட் மட்டும் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. டிரான்ஸ்பர் கேஸ் புரொப்பெல்லரை இறுகப் பிடித்திருக்கிறது, வலது ஹப் பூட்டியிருக்கிறது, இடது ஹப் பூட்டவில்லை. இறக்கச் சொன்ன பெட்டியில் ஒரு பழுதும் இல்லை.

அடுத்தது வேக்குவம். இந்த டீசல் எஞ்சின்களில் ஆல்டர்னேட்டரின் பின்புறம் ஒரு சிறிய பம்ப் இருக்கிறது. அங்கிருந்து ரப்பர் ஓஸ், மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு, மறுபடி ஓஸ், சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளுக்குள் ஒரு சிறு துளை, கடைசியில் ஹப்பின் டயஃப்ரம் என்ற சவ்வு. நல்ல நிலையில் பம்ப் 600 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் இழுக்க வேண்டும். மெக்கானிக் மானி பொருத்திய தன் வேக்குவம் கைப்பம்பை வலது ஓஸில் மாட்டி இழுத்தார். முள் ஏறி நின்றது. இடதில் ஏறிய வேகத்தில் இறங்கியது. சக்கரத்தை ஒடித்துத் திருப்பும்போது ஓஸ் வளையும் இடத்தில் நகத்தளவு வெடிப்பு. மதுரை வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்தால் எந்த ரப்பரும் இப்படித்தான் ஆகும்.

ஓஸை மாற்றிய பிறகும் ஹப் அரைகுறையாகவே பூட்டியது. கழற்றிப் பார்த்தால், முன்பு எப்போதோ பேரிங்குக்கு கிரீஸ் வைத்தவர்கள் அள்ளி அப்பியிருக்கிறார்கள். அது வேக்குவம் வரும் துளையை அடைத்துக் கட்டியாகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, சீலைப் புதிதாகப் போட்டதும் இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் பூட்டின. மொத்தச் செலவு, பட்டறையில் சொன்ன தொகைக்குப் பக்கத்தில்கூட வராது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் தருவதும் அதே பம்ப்தான். ஃபோர் வீல் விழாததோடு பிரேக் மிதியும் கல்லாக இருந்தால், அந்த வண்டியைச் சரிபார்க்காமல் ரோட்டில் எடுக்காதீர்கள்.

அதன் பிறகு ஒரு மழைக்காலத்தில் மறுபடி தகராறு. இந்த முறை விளக்கே எரியவில்லை. வழக்கமாக இக்னிஷனைப் போட்டு சுவிட்சைத் திருப்பினால் வண்டிக்கு அடியில் மோட்டார் நகரும் சத்தம் கேட்கும். அது கேட்கவில்லை என்றால் வேக்குவத்தைத் தேடிப் பயனில்லை. பியூஸ், ரிலே, வயர் என்று போக வேண்டும். பியூஸ் நன்றாக இருந்தது. சேஸிஸில் திருகியிருந்த எர்த் வயரின் முனை பச்சை பூத்து உதிர்ந்திருந்தது. சுரண்டித் துடைத்துத் திருகியதும் மோட்டார் பேசியது. அறுவடைக் காலத்தில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்துபவர்கள் எலியையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வயர்களுக்கு அதைவிடப் பெரிய எதிரி எங்கள் பக்கம் இல்லை.

கடைசியில் வேக்குவம் ஹப்பைக் கழற்றிவிட்டுக் கையால் திருகும் ஹப்புக்கு மாறிவிட்டேன். இது ஒன்றும் புதிய சரக்கு இல்லை. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர் முடிந்து மிஞ்சிய ஜீப்களை ரோட்டில் ஓட்டுவதற்காக 1948இல் ஆர்தர் வார்ன் தொடங்கிய நிறுவனம் செய்துகொடுத்ததும் இதே வகைதான். ஓஸ் இல்லை, சோலனாய்டு இல்லை, டயஃப்ரம் இல்லை. சங்கடம் ஒன்று உண்டு: இறங்கி இரண்டு சக்கரத்தையும் திருகிவிட்டு ஏற வேண்டும். சேற்றில் மாட்டிய பிறகு இறங்குவது கொடுமை. மழைக்காலத்தில் தார் ரோட்டை விட்டு இறங்கும் முன்பே ஹப்பைப் பூட்டிவிடுகிறேன்; பூட்டியபடி டூ வீலில் ஓட்டினாலும் கெடுதல் இல்லை, டீசல் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மலைக்கோ காட்டுக்கோ எப்போதாவது போகிறவருக்கு வேக்குவம் ஹப்பைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வதே போதும். தினமும் சேற்றில் உழைக்கும் வண்டிக்குக் கை ஹப்தான் என்பது என் தீர்மானம்.

பராமரிப்பில் ஒன்றுதான் பெரிது: கோடையிலும் மாதம் ஒருமுறையாவது மண் பாதையில் ஃபோர் வீலில் போட்டுச் சிறிது தூரம் நேராக ஓட்ட வேண்டும். ஓடாமல் கிடந்தால் ஃபோர்க்கும் ஹப்பும் இறுகிவிடும். உலர்ந்த தார் ரோட்டில் மட்டும் போடாதீர்கள். இந்த வகை டிரான்ஸ்பர் கேஸில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்படுவதால், வளைவில் உள்ளே முறுக்கேறி, பிறகு டூ வீலுக்குத் திரும்ப மறுக்கும். அப்படி மாட்டினால் நேராகக் கொஞ்சம் பின்னால் எடுங்கள், விட்டுவிடும். முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்த டயரும் போட்டாலும் இதே முறுக்கு வரும். டிரான்ஸ்பர் கேஸ் எண்ணெயை வண்டிக் கையேட்டில் சொன்னபடியே ஊற்றுங்கள். செயின் உள்ள பல பெட்டிகளுக்கு ஏடிஎஃப் என்ற மெல்லிய ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெய்தான், கெட்டியான கியர் ஆயில் அல்ல.

பழைய ஃபோர் வீல் வண்டி வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் விளக்கை எரியவிட்டுக் காட்டச் சொல்லித் திருப்தியடைய வேண்டாம். கையோடு ஒரு ஜாக்கியைக் கொண்டுபோய், இரண்டு முன்சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.