பிரென்னா, எம்ஜி 42ஆ?

இரண்டாம் உலகப் போர் ஆயுதங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த வழக்கு வராமல் போகாது. பிரிட்டிஷ் தரப்பின் பிரென், ஜெர்மனியின் எம்ஜி 42, இந்த இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளில் எது உசத்தி? எம்ஜி 42 கட்சிக்காரர்கள் எடுத்த எடுப்பில் வேகத்தைச் சொல்வார்கள்: நிமிடத்துக்குச் சுமார் 1,200 தோட்டாக்கள். பிரென் 500தான். சரி, அந்தத் தோட்டாக்களை யார் சுமப்பது?

நொடிக்கு 20 என்றால் 50 தோட்டாக்களைக் கோத்த பட்டையான பெல்ட் இரண்டரை நொடியில் காலி. ஒரு நிமிடம் விடாமல் சுட்டால் கரைவது 30 கிலோவுக்கு மேல். அப்படி யாரும் சுடுவதில்லை, குழல் தாங்காது. சில நூறு தோட்டாக்களுக்கு ஒருமுறை குழலை மாற்றியாக வேண்டும். ஆகவே ஜெர்மன் காலாட்படைக் குழுவே இந்தத் துப்பாக்கியைச் சுற்றித்தான் இயங்கியது. ரைபிள்காரர்களும் அதற்கான பெல்ட்டைச் சுமந்தார்கள். பிரிட்டிஷ் பிரிவில் பிரென்னுடன் ஒரு சிறு குழு நின்று சுட, மற்றவர்கள் முன்னேறுவார்கள். அங்கும் ரைபிள்காரர்களின் பையில் பிரென்னின் தோட்டாப் பெட்டிகள், அதாவது மேகசின்கள், இருக்கும்.

பிரென்னின் மூலம் செக் நாட்டு இசட்பி 26. செக் நாட்டின் பிர்னோ, இங்கிலாந்தின் என்ஃபீல்ட் என்ற இரண்டு ஊர்ப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்ததுதான் பெயர். செக் துப்பாக்கியின் மேகசின் நேரானது. பிரிட்டிஷ் .303 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருப்பதால், அடுக்கும்போது வரிசை தானாகவே வளைகிறது. பிரென் மேகசினின் வாழைப்பழ வளைவுக்கு அதுதான் காரணம். 30 கொள்ளும் என்றாலும் வழக்கமாக 28தான் போடுவார்கள். மேகசின் மேலே நிற்பதால் குறிபார்க்கும் அமைப்பு இடப்பக்கம் தள்ளி இருக்கிறது, இடக்கைக்காரர் பாடு திண்டாட்டம். ஆனால் தரையோடு தரையாகப் படுத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் எட்டி மேகசினை மாற்றிவிடலாம். குழலை மாற்றவும் தாழை விடுவித்து, குழலோடு இணைந்த கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் போதும், கை சுடாது. எம்ஜி 42-இல் குழல் பக்கவாட்டில் வெளியே வரும். சில நொடி வேலைதான், ஆனால் பழுக்கக் காய்ந்த இரும்பைப் பிடிக்க ஆஸ்பெஸ்டாஸ் திண்டு தேவை.

எம்ஜி 42-இன் நிஜமான சாதனை வேகத்தில் இல்லை, தயாரிப்பில் இருக்கிறது என்பேன். முந்தைய எம்ஜி 34 கடைசல் வேலையில் நேரத்தை விழுங்கியது. அதற்கு மாற்றை உருவாக்கிய வெர்னர் க்ரூனர் துப்பாக்கி நிபுணரே அல்ல. உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் உற்பத்தியில் தேர்ந்தவர். பிரென்னோ, கடைந்தெடுக்க நேரமும் காசும் கேட்கும் பொருள்.

நடந்து போய்த் தாக்கும் சிறு குழுவுக்கு, பின்னால் தோட்டா வண்டி வராதென்றால், நான் பிரென்னைத்தான் தேர்ந்தெடுப்பேன். பதுங்குகுழியில் உட்கார்ந்து ஓரிடத்தைக் காக்க வேண்டுமா, கண்ணை மூடிக்கொண்டு எம்ஜி 42.

போருக்குப் பிறகு இரண்டுமே நேட்டோ நாடுகளின் பொதுத் தோட்டாவான 7.62 மி.மீ.க்கு மாறின. எம்ஜி 42, எம்ஜி 3 ஆனது. பிரென் எல்4 என்ற பெயரில் 1982 ஃபாக்லாந்து போரிலும் சுட்டது. ஆனால் பிரிட்டிஷ் காலாட்படை பிரென்னுக்குப் பதிலாக எடுத்துக்கொண்ட முதன்மை இயந்திரத் துப்பாக்கி பெல்ஜியத்தின் எஃப்என் மேக். அதன் பெல்ட் ஊட்டும் அமைப்பு எம்ஜி 42-இலிருந்து எடுத்தது.