வங்கியின் நீண்டகாலக் கடன் விகிதத்தைக் காட்டும் ஒரு செயலி: ஓராண்டுச் சந்தாவுக்குப் பிறகு

வங்கிப் பங்குகளையும் வங்கிகள் வெளியிடும் கடன் பத்திரங்களையும் வாங்குவதற்கு முன் கணக்குப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால், சென்ற ஆண்டு ஒரு பங்கு ஆய்வுச் செயலிக்கு முழு ஆண்டுச் சந்தா கட்டினேன். அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அந்தச் செயலியில் நான் அதிகம் திறந்து பார்த்தது, 'நீண்டகாலக் கடன் – மொத்தச் சொத்து விகிதம்' என்ற பக்கத்தைத்தான். சந்தா கட்டத் தூண்டியதும் அதுவே, இப்போது சந்தாவைப் புதுப்பிக்கத் தயங்கவைப்பதும் அதுவே.

ஓராண்டுக்கு மேல் கழித்துத் திருப்பித் தர வேண்டிய கடனை மொத்தச் சொத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் இந்த விகிதம் கிடைத்துவிடும். சிமென்ட் ஆலைக்கோ நூற்பாலைக்கோ இதைக் கணக்கிடுவதில் சிக்கல் இல்லை. நிறுவனச் சட்டத்தின்படி தயாராகும் ஐந்தொகையிலேயே (சொத்துகளையும் பொறுப்புகளையும் காட்டும் கணக்கு) நீண்டகாலக் கடனும் குறுகியகாலக் கடனும் தனித்தனி வரிகளாக இருக்கும். வங்கியின் ஐந்தொகையோ வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை வகுத்த படிவத்தில் வருவது. அங்கே மூன்றாம் இணைப்பு வைப்புத்தொகை, நான்காம் இணைப்பு வங்கி வாங்கிய கடன். அந்தக் கடன் யாரிடம் வாங்கப்பட்டது என்று பிரித்திருப்பார்களே தவிர, எத்தனை காலத்துக்கு என்று பிரித்திருக்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கியிடம் ரெப்போவில், அதாவது அரசுப் பத்திரங்களை ஈடாகக் கொடுத்து, எடுத்த சில நாள் பணம், வேளாண் வளர்ச்சி வங்கியான நபார்டு மற்ற வங்கிகளுக்குத் தரும் மறுநிதி, பத்தாண்டுப் பத்திரம் எல்லாம் ஒரே மூட்டைக்குள் இருக்கும். இந்தச் செயலி அந்த மூட்டையை அவிழ்க்காமலே தூக்கி 'நீண்டகாலக் கடன்' என்று பெயர் ஒட்டிவிடுகிறது.

இதன் விளைவை எச்டிஎஃப்சி வங்கியின் பக்கத்தில் தெளிவாகக் காணலாம். 2023 மார்ச் இறுதியில் அவ்வங்கி வாங்கியிருந்த கடன் சுமார் 2.07 லட்சம் கோடி ரூபாய், மொத்தச் சொத்து சுமார் 24.66 லட்சம் கோடி. 2024 மார்ச் இறுதியில் கடன் 6.62 லட்சம் கோடி, சொத்து 36.18 லட்சம் கோடி. ஆகவே செயலியில் 8.4 என்ற எண் 18.3 ஆகி, பக்கத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறியும் முளைத்துவிட்டது. ஆனால் 2023 ஜூலை 1 அன்று வீட்டுக்கடன் நிறுவனமான எச்டிஎஃப்சி லிமிடெட் அந்த வங்கியோடு இணைந்தது என்ற ஒரு வரிக் குறிப்பு அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. சேமிப்புக் கணக்கு திறக்க உரிமை இல்லாத அந்த நிறுவனம், பொதுமக்களிடம் பெற்ற நிலையான வைப்புகளோடு கடன் பத்திரங்களையும் பெரிதும் நம்பி வீட்டுக்கடன் கொடுத்து வந்தது; இணைப்பின்போது அந்தப் பத்திரங்களும் வங்கியின் தோளுக்கு வந்தன. நூறு ரூபாய் சொத்துக்கு 76 ரூபாயாக இருந்த வைப்புத்தொகை 66 ரூபாயாகக் குறைந்ததும் இதனால்தான். இது கவனிக்க வேண்டிய மாற்றம் என்பதில் ஐயமில்லை. பத்திரத்துக்குத் தரும் வட்டி சேமிப்புக் கணக்கு வட்டியைவிட அதிகம், ஆதலால் வங்கிக்கு வட்டியில் மிஞ்சும் லாபம் குறையும். எனினும் இருபதாண்டு வீட்டுக்கடனுக்கு எதிரே ஏழாண்டு, பத்தாண்டுப் பத்திரம் இருப்பது, ஓராண்டு வைப்புத்தொகை மட்டுமே இருப்பதைவிடப் பாதுகாப்பானது. 2014 ஜூலையில், உள்கட்டமைப்புக்கும் மலிவு வீடுகளுக்கும் கடன் கொடுப்பதற்காகக் குறைந்தது ஏழாண்டு முதிர்வுள்ள பத்திரங்களை வெளியிட்டுத் திரட்டும் பணத்துக்கு ரொக்க இருப்பு விகிதத்திலிருந்து (திரட்டும் பணத்தில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டும் என்ற விதி) ரிசர்வ் வங்கி விலக்கு அளித்ததும் இந்தக் காரணத்துக்காகவே. சிவப்பு அம்புக்குறிக்கு இதெல்லாம் தெரியாது.

உண்மையான விகிதம் வேண்டுவோர் ஆண்டறிக்கையைத்தான் புரட்ட வேண்டும். கணக்குக் குறிப்புகளில் சொத்துகளும் பொறுப்புகளும் எப்போது முதிர்கின்றன என்ற அட்டவணை ஒன்று உண்டு. முதல் நாள், 2 முதல் 7 நாள் என்று தொடங்கி, ஓராண்டு முதல் மூன்றாண்டு, மூன்று முதல் ஐந்தாண்டு, ஐந்தாண்டுக்கு மேல் என்று அது முடியும். அதில் வாங்கிய கடனுக்குரிய வரியின் கடைசி மூன்று கட்டங்களைக் கூட்டி மொத்தச் சொத்தால் வகுத்தால் வேலை முடிந்தது. ஒரு வங்கிக்கு எனக்குப் பத்து நிமிடம் பிடிக்கிறது. காசு வாங்கும் செயலி செய்ய வேண்டிய பத்து நிமிட வேலை இது.

தமிழ் இடைமுகம் இருக்கிறது என்று மகிழ்ந்துதான் சேர்ந்தேன். அதிலும் ஒரு வேடிக்கை. வங்கி கொடுத்த கடனையும் வாங்கிய கடனையும் 'கடன்' என்ற ஒரே சொல்லால் குறித்திருக்கிறார்கள். கொடுத்தது சொத்து, வாங்கியது பொறுப்பு. முதல் வாரம் இரண்டையும் மாற்றிப் படித்து நானே ஒருமுறை ஏமாந்தேன்.

இவற்றையெல்லாம்விட எனக்கு உறுத்துவது, வங்கி நொடித்தால் இழப்பை ஏற்க வேண்டியவை என்பதால் மூலதனத்தில் சேரும் டயர் 2 (இரண்டாம் அடுக்கு) பத்திரங்களைச் சாதாரணக் கடனோடு கலந்து காட்டுவதுதான். கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியை 2020 நவம்பரில் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைத்தபோது, வைப்புதாரர்களின் பணம் முழுவதும் புதிய வங்கிக்கு மாறியது, ஆனால் 318.20 கோடி ரூபாய் டயர் 2 பத்திரங்கள் அடியோடு தள்ளுபடி செய்யப்பட்டன. வைத்திருந்தவர்களுக்குக் கைக்கு ஒரு பைசா வரவில்லை. வங்கியைப் பொறுத்தவரை அது இழப்பைத் தாங்கும் மெத்தை. வாங்கியவரைப் பொறுத்தவரை வட்டி சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் ஆபத்து. பத்திரம் வாங்க நினைப்பவருக்கு மிகவும் தேவையான இந்தப் பிரிவினையை மறைத்துவிட்டு விகிதத்தை மட்டும் இரண்டு தசமப் புள்ளி வரை துல்லியமாகக் காட்டுவதில் என்ன பயன் இருக்கிறது என்று விளங்கவில்லை.

உதவி மையத்துக்கு எழுதினேன். தரவு வழங்குநரிடமிருந்து வருவதை அப்படியே காட்டுவதாக நான்காம் நாள் மரியாதையான பதில் வந்தது. அதன்பின் எதுவும் மாறவில்லை.

குறைகளை மட்டுமே சொல்லிவிடுவது நியாயமாகாது. பத்தாண்டுக் கணக்கை ஒரே தட்டலில் விரிதாளாக இறக்கிக்கொள்ள முடிகிறது. மூலதனப் போதுமை விகிதமும் வாராக்கடன் விகிதமும், நான் ஆண்டறிக்கைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த வரையில், பிசகின்றி இருந்தன. செயலி எங்கும் தடுமாறுவதில்லை, விளம்பரத் தொல்லையும் இல்லை. உற்பத்தி நிறுவனங்களின் பங்குகளை மட்டும் பார்ப்பவருக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தாராளமாகக் கொடுப்பேன். வங்கிகளுக்காக வாங்க எண்ணுபவருக்கு இரண்டுதான். தானியங்கிப் புதுப்பித்தலை நான் நிறுத்திவைத்திருக்கிறேன். முதிர்வு அட்டவணையைச் சேர்த்தால் மறுநாளே மீண்டும் பணம் கட்டுவேன் என்று அவர்களுக்கு எழுதியும் இருக்கிறேன்.