கார்த்திகையில் கல்யாணமா? மண்டபத்து ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

வடசென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தில் தங்கை கல்யாணத்தை நடத்தினோம். விவகாரம் இன்னும் முடியாததால் மண்டபத்தின் பெயரைப் போடவில்லை. வண்ணாரப்பேட்டையோ வியாசர்பாடியோ கொடுங்கையூரோ, எங்கே மண்டபம் பிடிப்பவருக்கும் இதே கதை நேரலாம்.

நம் ஊரில் குளிர்காலக் கல்யாணம் என்றால் மழைக்காலக் கல்யாணம்தான். மார்கழி பிறந்தால் பொங்கல் வரை முகூர்த்தம் கிடையாது. அதனால் கார்த்திகைக் கடைசி முகூர்த்தங்களுக்கு அவ்வளவு போட்டி. மண்டபக்காரர் வைத்ததுதான் விலை. 2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் எல்லாமே டிசம்பரின் முதல் இரண்டு வாரத்துக்குள் வந்தவை என்பது வடசென்னைக்காரர்களுக்கு மறக்காது. ஆகவே விலைக்கு முன்பே மழையைப் பற்றித்தான் கேட்டோம். "ஃபுல் பேக்அப் சார், கரண்ட் போனதே உங்களுக்குத் தெரியாது" என்றார் மேனேஜர். ரசீதிலும் 'ஜெனரேட்டர் வசதி உண்டு' என்று எழுதிக் கொடுத்தார்.

ரிசப்ஷன் அன்று புயலெல்லாம் இல்லை. சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை, அவ்வளவுதான். தெருவில் முழங்கால் தண்ணீர் ஏறியதும் கரண்டை நிறுத்தினார்கள். மின்வாரியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கே கேபிள் பூமிக்கடியில் போகிறது, அதிலிருந்து வீடுகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பில்லர் பாக்ஸ் தெருவோரம் தரையை ஒட்டி நிற்கிறது. தண்ணீர் ஏறினால் நிறுத்தாமல் இருந்தால்தான் தப்பு.

ஜெனரேட்டர் ஓடியது. மேடை விளக்குகள் எரிந்தன, ஹாலில் பாதி ஃபேன் சுற்றியது. ஏசி இல்லை, சரி, மழையில் அது யாருக்கு வேண்டும். ஆனால் லிஃப்ட்டும் இல்லை. பந்தி இரண்டாவது மாடியில். முட்டி வலிக்காரர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள் மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள். அதையும் தாங்கிக்கொள்ளலாம். தண்ணீர் மோட்டாருக்கு ஜெனரேட்டர் இணைப்பே கிடையாது என்பது டேங்க் காலியான பிறகுதான் தெரிந்தது. கடைசிப் பந்தியில் கை கழுவத் தண்ணீர் இல்லை. மணப்பெண் அறை பாத்ரூமிலும் இல்லை. "காலைல டிபன், சாப்பாடு எல்லாம் இருக்கு தம்பி, தண்ணி இல்லாம நான் எதை வெச்சு சமைக்கிறது?" என்று சமையல் மாஸ்டர் கேட்டார். மேனேஜரிடம் போனால், "மோட்டார் லோடு தாங்காது சார், லைட்டுக்கு மட்டும்தான் குடுத்திருக்கோம்" என்கிறார். பகலில் விற்கிற விலைக்கு இரண்டு மடங்கு கொடுத்து நள்ளிரவில் ஒரு தண்ணீர் லாரியைப் பிடித்தோம். முகூர்த்தம் நேரத்துக்கு நடந்தது.

அடுத்தது பில். டீசலுக்கு மணிக்கணக்கில் பணம். 14 மணி நேரம் ஓடியதாக எழுதியிருந்தார்கள். எங்கள் பெரியப்பா மணலியில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். மண்டபச் சாவியை வாங்கியதுமே ஜெனரேட்டர் பேனலில், மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரை போட்டோ எடுத்து வைத்திருந்தார். கிளம்பும்போது பார்த்தால் வித்தியாசம் 9 மணி நேரம்தான். போட்டோவை நீட்டியதும் மேனேஜர் ஒரு வார்த்தை பேசாமல் பில்லைத் திருத்தினார். அந்த மௌனமே சொல்லிவிட்டது, இது கைத்தவறு இல்லை என்று.

டெபாசிட் 15,000 ரூபாயை மட்டும் திருப்பித் தரவில்லை. மேடைக் கார்பெட் நனைந்து வீணாகிவிட்டதாம். நனைத்தது அவர்கள் கூரையின் ஒழுக்கு! தண்ணீர் சொட்டும் வீடியோ, கல்யாண வீடியோகிராபரிடமே இருக்கிறது. பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம், பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தோம். அப்போதும் அசையாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்தால் போதும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் ஏசியையும் மேடை அலங்காரத்தையும் அப்புறம் பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு ஜெனரேட்டரைப் போடச் சொல்லுங்கள். மோட்டார், லிஃப்ட், சமையலறை மூன்றும் ஓடுகிறதா என்று நின்று பாருங்கள். ஜெனரேட்டரைப் பார்க்கிங் பள்ளத்தில் வைத்திருந்தால் அந்த மண்டபமே வேண்டாம், தண்ணீர் முதலில் அங்கேதான் இறங்கும். 'ஜெனரேட்டர் வசதி உண்டு' என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். எதெதற்கு இணைப்பு, டீசல் மணிக்கு எவ்வளவு, டெபாசிட்டில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சீசன் நேரத்தில் இவ்வளவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். எழுதித்தர மாட்டேன் என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.